பதினோரு கடை, ஒரே லேப்டாப்: ஆன்டி-டிடெக்ட் பிரவுசர் எதை எடுக்கலாம்?

மேம்பாலத்தடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு லேப்டாப், ஒரு ரிங் லைட். சுற்றுவட்டாரக் கடைகளின் ஆன்லைன் பக்கங்களை நடத்திக் கொடுப்பதுதான் மூன்று வருடமாகப் பிழைப்பு. இப்போது கையில் 11 கடை இருக்கிறது. தேன் விற்கிற அண்ணன் ஒருவர், நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற இரண்டு பேர் (அவர்களுக்குள் ஆகாது, நான் இரண்டு பேருக்கும் வேலை செய்வது இரண்டு பேருக்கும் தெரியாது), வடசேரியில் கோயில் நகைப் பட்டறை, தோவாளையில் பூ மொத்த வியாபாரி, கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ், அப்புறம் சில்லறையாக ஐந்து.

போன ஓணத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை, விடியற்காலையிலிருந்து மழை. கறண்டு போனதும் வீட்டு ஃபைபரும் நின்றது. சரி என்று போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒவ்வொரு கடையாக உள்ளே போய் அன்றைய படத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே பிரவுசர்தான், ஒன்றிலிருந்து வெளியே வந்து அடுத்ததற்குள் நுழைவது என் வழக்கம். ஐந்தாவது கடையில் ‘சந்தேகத்துக்குரிய நடவடிக்கை’ என்று ஒரு திரை வந்து நின்றது. தேன் பூட்டிக்கொண்டது. வெப்ராளத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வேகவேகமாகத் திறந்து பார்த்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்குப் பலனாகச் சிப்ஸ் ஒன்றும் தோவாளைப் பூவும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. எந்தத் தளம் என்று சொல்லிப் புலம்பப் போவதில்லை.

ஓணம் தொடங்குகிற அத்தத்துக்கு மூன்றே நாள். பூக்காரர் தினமும் பிச்சி என்ன விலை, வாடாமல்லி என்ன விலை என்று அந்தப் பக்கத்தில்தான் போடச் சொல்வார். திருவனந்தபுரம், கொல்லம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டி அனுப்புவார்கள். போனில் சொன்னார்: “தம்பி, பூவு நாளைக்கு வாடிப்போவும். உன் அக்கவுண்டு வார வரைக்கும் காத்துக் கெடக்குமா?” நான் என்ன சொல்ல? பன்னிரண்டாவது நாள் கணக்கு திறந்தது. அன்றைக்குத் திருவோணம்.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஆன்டி-டிடெக்ட் பிரவுசர் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ப்ரொஃபைல். ஒவ்வொன்றும் வேறுவேறு கம்ப்யூட்டர் மாதிரி வெளியே தெரியுமாம். மல்டிலாகின், கோலாகின், ஆட்ஸ்பவர், டால்ஃபின் ஆன்டி, இன்காக்னிட்டன் என்று ஐந்து பெயர் சொன்னான். என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம். மாதம் 1500 ரூபாய் வரை செலவழிக்கலாம். எதை எடுக்கலாம்? கூடவே ப்ராக்ஸியும் (நம் நெட்டை வேறொரு இணைப்பு வழியாகச் சுற்றிவிடுகிற சேவை) வாங்க வேண்டுமா?

இன்னொரு சின்ன விஷயம். மாமனாருக்கு மூட்டுவலித் தைலம் தேடினேன். மறுநாள் நகைப் பட்டறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டிசைன் பார்க்கும்போது திரை முழுக்க முட்டி. இதையும் அந்தப் பிரவுசரே நிறுத்திவிடுமா?

வடசேரி ஏழாம் நம்பர் எழுதியது:

வாங்குவதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரவுசர் நல்லதாகத்தான் எடுத்தேன். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று ப்ராக்ஸியை மட்டும் மலிவாக வாங்கினேன். ஐபி, அதாவது இணைப்பின் முகவரி, நெதர்லாந்து; ப்ரொஃபைலில் நேரம் கொல்கத்தா (இந்திய நேரம்), மொழி தமிழ். ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து தமிழில் இட்லி மாவு விற்கிறவனை யார் நம்புவார்கள்? இரண்டே நாளில் நாலு கணக்கும் போச்சு. அதுவரை என் வீட்டு நெட்டில் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

தக்கலை கஃபே எழுதியது:

தம்பி, நான் 2001 முதல் 2014 வரை தக்கலையில் எட்டு மெஷின் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினவன். தொடக்கத்தில் மணிக்கு 30 ரூபாய். வளைகுடாவில் இருக்கிற மாப்பிள்ளைக்கு மெயில் போட வருகிற பெண்கள், ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகள், விசா நிலவரம் பார்க்க வருகிறவர்கள் என்று கூட்டம் நிற்கும். எட்டு மெஷினுக்கும் வெளியே ஒரே ஐபி. ஒரே முகவரியிலிருந்து நாற்பது பேர் நுழைவார்கள், யாரும் பூட்டியதில்லை. எனக்கு இருந்த தலைவலி வேறு. லாக்-அவுட் செய்யாமல் எழுந்து போய்விடுவார்கள். அடுத்து உட்காருகிற ஆள் முன்னவருடைய கடிதத்தை சாவதானமாக வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது, அது தனிக் கதை.

அப்படி ஆளை மாற்றிக் காட்டியது குக்கி. தளம் உங்கள் கையில் கொடுக்கிற டோக்கன் அது. டோக்கனைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது என்று அந்தக் காலத்தில் நினைத்தோம். இப்போது டோக்கன் இல்லாமலே ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள். குளச்சலில் விடியற்காலை போய் நின்று பாருங்கள். வள்ளம் இன்னும் கரையை நெருங்கியிருக்காது, “அது இன்னார் வள்ளம்” என்று சொல்லிவிடுவார்கள். பெயரை வாசித்தா சொல்கிறார்கள்? எஞ்சின் இரைச்சல், வருகிற சாய்வு, அணியத்தில் (முன்பக்கத்தில்) ஒட்டுப் போட்ட இடம், இதெல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். பிரவுசர் கைரேகை என்பதும் அதேதான். பிரவுசர் பதிப்பு, திரை அளவு, நேர மண்டலம், மொழி வரிசை, கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்துருக்கள், கிராஃபிக்ஸ் சிப், ஒலியைக் கையாளும் விதம். கேன்வாஸ் என்று ஒன்று உண்டு: நீங்கள் திறந்த பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி எழுத்தையும் கொஞ்சம் நிறத்தையும் வரையச் சொல்லும். எழுத்தின் ஓரம் மழுங்குகிற விதம் மெஷினுக்கு மெஷின் நூலிழை மாறும். அதை ஓர் எண்ணாகச் சுருக்கி வைத்துக்கொள்ளும்.

இது புதுச் சரக்கும் இல்லை. இணைய உரிமைகளுக்காக வேலை செய்கிற எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் பனாப்டிக்ளிக் என்ற சோதனையில் 4,70,161 பிரவுசர்களைப் பார்த்தது. அதில் 83.6 சதவீதத்துக்கு இன்னொரு ஜோடி கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்துத் தெரிந்தது. அதே சோதனை இப்போது கவர் யுவர் ட்ராக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. இன்று ராத்திரி உங்கள் லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன ஐந்தும் செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் குக்கியையும் சேமிப்பையும் தனியாகப் பிரித்து வைக்கும், வேறு கைரேகை கொடுக்கும், வேறு ப்ராக்ஸி மாட்டிவிடும். பெயர்கள்தான் விதவிதமாக இருக்கும். மல்டிலாகினில் குரோமியம் (குரோமுக்கு அடித்தளமான மென்பொருள்) வழி வந்தது மிமிக், ஃபயர்ஃபாக்ஸ் வழி வந்தது ஸ்டெல்த்ஃபாக்ஸ். கோலாகினில் ஆர்பிட்டா. ஆட்ஸ்பவரில் சன்பிரவுசர், ஃப்ளவர்பிரவுசர் என்று இரண்டு. (ஃப்ளவர்பிரவுசர் என்றதும் தோவாளைக்காரருக்கு என்று பாய்ந்துவிட வேண்டாம்.)

எதை எடுக்கலாம் என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது எஞ்சின், அதாவது உள்ளே ஓடுகிற அந்த குரோமியமோ ஃபயர்ஃபாக்ஸோ, உடனுக்குடன் புதுப்பிக்கப்படுகிறதா என்பதைத்தான். குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடுகிறது. ஊரெல்லாம் புதியதில் இருக்க உங்கள் ப்ரொஃபைல் மட்டும் நாலு பதிப்பு பழசில் நின்றால், அதுவே தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். பாதுகாப்பு ஓட்டைகளும் அடைபடாமல் கிடக்கும். அடுத்தது, பொய்யை ரொம்ப அலங்காரம் செய்யாதீர்கள். உங்களிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப் என்றால் ப்ரொஃபைலும் விண்டோஸ் என்றே சொல்லட்டும். மேக் என்று சொல்லிவிட்டு உள்ளே கிராஃபிக்ஸ் சிப் வேறு கதை சொன்னால், வேட்டிக்கு மேலே கோட்டு போட்ட மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். வெப்ஆர்டிசி (பிரவுசரிலேயே வீடியோ கால் பேச இருக்கிற வசதி) வழியாக உண்மையான ஐபி கசிகிறதா என்று பிரவுசர்லீக்ஸ் தளத்தில் பாருங்கள். ராம் 8 ஜிபி என்றால் ஒரே நேரத்தில் மூன்று நாலு ப்ரொஃபைலுக்கு மேல் திறந்தால் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றும் முழு பிரவுசர். விலையும் இலவச ப்ரொஃபைல் எண்ணிக்கையும் அடிக்கடி மாறும், அதனால் வாங்குகிற அன்றைக்கு அவரவர் தளத்தில் பாருங்கள், யூட்யூப் வீடியோவை நம்பாதீர்கள். அந்த வீடியோ போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நீங்கள் வாங்கினால் கமிஷன்.

யாரும் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பிரவுசர்கள் உங்கள் ப்ரொஃபைலைத் தங்கள் சர்வரில் ஏற்றி வைக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அப்படியே திறக்கலாம் என்பதுதான் அவர்கள் விற்கிற வசதியே. உள்ளே இருப்பது குக்கி. உயிரோடு இருக்கிற குக்கி கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். பதினோரு கடைச் சாவியையும் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் கொடுத்து வைக்கிறீர்கள். 2025 ஜனவரியில் ஆட்ஸ்பவரில் இது நடந்தே இருக்கிறது: அந்தச் சில நாட்களில் அதில் கிரிப்டோ வாலட் நீட்சியை (பிரவுசரோடு சேர்த்துக்கொள்கிற குட்டி நிரல்) நிறுவியவர்களுக்குக் கள்ள நீட்சி போய்ச் சேர்ந்தது, பணமும் போனது. உங்களிடம் கிரிப்டோ இருக்காது. ஆனால் பூக்காரருடைய விளம்பரக் கணக்கில் அவருடைய கார்டு இருக்கும் அல்லவா? அவர்கள் சர்வரில் ஏற்றாமல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா, இரண்டடுக்கு சரிபார்ப்பு இருக்கிறதா என்று கேட்காமல் எதையும் எடுக்காதீர்கள்.

ப்ராக்ஸி. ‘ரெசிடென்ஷியல்’ என்று விற்பது யாரோ ஒருவர் வீட்டு இணைப்பு. அந்த யாரோவுக்கு அது தெரியுமா என்பதுதான் கேள்வி. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற வலையைப் பிடித்தது. இலவச விபிஎன் ஆப் என்று நம்பி நிறுவியவர்களின் கம்ப்யூட்டர்கள்தான் அதில் ப்ராக்ஸியாக விற்கப்பட்டன. 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல் ஐபி முகவரிகள். மார்த்தாண்டத்துக் கடைக்கு மார்த்தாண்டத்து வீட்டு ஃபைபரை விட நல்ல முகவரி எங்கே கிடைக்கும்? ஏழாம் நம்பர் தம்பி ஆம்ஸ்டர்டாம் போய் வந்ததைப் பார்த்தீர்கள்.

இனி உங்கள் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஃபைபரிலிருந்து போன் நெட்டுக்குத் தாவல். அடுத்தடுத்து ஐந்து கணக்கு, ஒவ்வொன்றிலும் வெளியேறி நுழைதல். பூட்டியதும் பயத்தில் மிச்சத்தையும் வேகமாகத் திறந்தது. பாஸ்வேர்டு திருடியவன் செய்கிற வேலைக்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பதினோரு கணக்கில் எத்தனைக்கு மீட்பு எண்ணாக உங்கள் சொந்த போன் நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள்? பிரவுசர் எத்தனை வேஷம் போட்டாலும் அந்த நம்பர் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துவிடும்.

இரண்டாவது கேள்வி. பதினோரு கடைக்குப் பதினோரு கணக்குத்தானா? இல்லை, ஏதாவது ஒரு கடைக்கு அஞ்சா?

பதினொன்றுதான் என்றால் உங்களுக்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. கடைக்காரர் உரிமையாளராக இருக்கட்டும். உங்கள் ஒரே கணக்குக்கு அவர் அனுமதி கொடுக்கட்டும். மெட்டாவில் பிசினஸ் சூட் வழியாக, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் மேனேஜராக, யூட்யூபில் சேனல் அனுமதியாக, அமேசான் விற்பனையாளர் கணக்கில் பயனர் அனுமதியாக, எல்லா இடத்திலும் இந்த வாசல் இருக்கிறது. பாஸ்வேர்டே உங்கள் கைக்கு வராது. சிப்ஸ்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் மாட்டார்கள்.

முட்டி விஷயம்: ஆன்டி-டிடெக்ட் அதற்கான மருந்து இல்லை. போகிற தடத்தைப் பல கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி மறைக்கிற டோர் வலைக்கான டோர் பிரவுசர் எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும்; பிரவுசர் சன்னல் அளவைக்கூட வெட்டிச் சமப்படுத்தும். 2023இல் டோர் ஆட்களோடு சேர்ந்து வந்த முல்வாட் பிரவுசரும் அதே வழி, டோர் வலை மட்டும் இல்லை. பிரேவ் என்ற பிரவுசர் கைரேகையில் கொஞ்சம் தவிடு கலந்து, அங்கங்கே சிறிது மாற்றிக் கொடுக்கும். ஆன்டி-டிடெக்ட் இதற்கு நேர்மாறாக ஒரு ஆளைப் பத்து ஆளாகக் காட்டும். மாமனார் முட்டிக்கு ஃபயர்ஃபாக்ஸும் ஒரு விளம்பரத் தடுப்பானும் போதும்.

எழும்பூர் வரை எழுதியது:

இதே வழியில் ரயில்வே ஐடி பத்து போட்டு, பொங்கலுக்கு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் தட்கல் எடுக்க முடியுமா? ஊருக்கு வர நினைக்கிற பையன்கள் பத்து பேர் இருக்கிறோம். ஒருத்தன் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்து ஆளுக்கு நூறு வாங்கினால் என்ன தப்பு?

தக்கலை கஃபே எழுதியது:

தப்புதான் மக்கா. அனுமதி இல்லாமல் டிக்கெட் எடுத்து விற்பதை வியாபாரமாகச் செய்தால் 1989 ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை உள்ளே வைக்கலாம். போதாததற்கு 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டும்தான் ஆன்லைன் தட்கல். பத்துப் பேரும் அவரவர் ஐடியில் காலையில் எழுந்து போராடுங்கள். இந்தத் திரியில் இதோடு விடு.

மட்டிப்பழம் எழுதியது:

நான் இரணியல் பக்கம். வீட்டிலிருந்தே நைட்டி, சுரிதார் விற்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது இரண்டே விஷயம்: கடைக் கணக்கும் சொந்தக் கணக்கும் கலந்துவிடக் கூடாது, பேங்க் தனியாக இருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் மல்டி-அக்கவுண்ட் கண்டெய்னர்ஸ் என்று மொசில்லா கொடுக்கிற நீட்சி ஒன்று இருக்கிறது, இலவசம். பச்சைத் தாவல் கடை, மஞ்சள் என் சொந்தம், சிவப்பு பேங்க். ஒரு நிறத்தின் குக்கி இன்னொரு நிறத்துக்குத் தெரியாது. கைரேகையும் ஐபியும் மாறாது என்பது தெரியும். எனக்கு மாற வேண்டிய தேவையும் இல்லை. முன்பு ஒரு தடவை கடைக் கணக்கு என்று நினைத்து நாத்தனாரைப் பற்றிப் புலம்பியது கடைக்கே போய்விட்டது. 40 கஸ்டமர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் ஆறுதல் சொல்லி ஆர்டரும் போட்டார்கள். அன்றைக்கு வந்த ஞானம் இந்தப் பச்சையும் மஞ்சளும்.

தம்பி, நான் எழுத வந்தது வேறு. இந்த மாதிரி பிரவுசர் பற்றி விசாரிக்க ஆரம்பித்தால் கூடவே இன்னொரு கூட்டமும் வரும். எனக்கு வந்தது. “அக்கா, உங்கள் விளம்பரக் கணக்கு பழையது, நல்ல கணக்கு. வாரம் 2000 தருகிறோம், வாடகைக்குக் கொடுங்கள். நாங்கள் அனுப்புகிற பிரவுசரில் ஒருமுறை லாகின் செய்தால் போதும்.” ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். என் அண்ணன் மகன் பக்கத்தில் இருந்தான். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவர்கள் அதில் என்ன விளம்பரம் ஓட்டுவார்கள், போலீஸ் வந்தால் யார் பெயர் இருக்கும் என்று மட்டும் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்தவர் கணக்கை, அடையாளத்தை மோசடிக்குப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் மூன்று வருடம் வரை. செய்தது அவர்களாக இருந்தாலும் முதலில் வந்து கதவைத் தட்டுவது நம் வீட்டில்தான். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் யாராவது இதை வாசித்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள்.

மேம்பாலத்தடி எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

அண்ணாச்சி, முதல் கேள்விக்குப் பதில்: பதினொன்றில் ஒன்பது. என் நம்பர் ஒன்பது கணக்கில் இருந்தது. கணக்குத் திறக்கும்போது கடைக்காரர்கள் “நீயே பாத்துக்கோ” என்பார்கள். நானும் என் நம்பரையே அடித்துவிடுவேன். கவர் யுவர் ட்ராக்ஸும் ஓட்டினேன். தனித்துத் தெரிகிறது என்றுதான் வந்தது. அணியத்தில் ஒட்டுப் போட்ட வள்ளம்தான் நான்.

முதலில் தோவாளைக்குப் போனேன். பூக்காரர் பகலில் அகப்படமாட்டார் என்று விடியுமுன்பே வண்டியை எடுத்தேன். சந்தைக்குள் நுழையும்போதே பிச்சி வாசம் தலையைச் சுற்றியது. அவர் மூட்டை மேல் உட்கார்ந்து, ஒரு கையில் சாயா, ஒரு கையில் போன், தோளில் இன்னொரு போன். விஷயத்தைச் சொன்னேன். “உன் நம்பரை எடுத்துட்டு என் நம்பரப் போடணும், அவ்வளவுதானே? போடு” என்றார்.

போடலாம் என்று பார்த்தால் ஓடிபி வரவில்லை. மூன்று தடவை அனுப்பினோம். போனை வாங்கிப் பார்த்தால் மெமரி நிரம்பி வழிகிறது. ஐந்து வருடத்து ‘காலை வணக்கம்’ படம் முழுக்க அதில் இருக்கிறது. அழிக்கட்டுமா என்றேன். “சாமி படம் இருக்கும், பாத்து அழி” என்றார். முருகனை விட்டுவிட்டு ரோஜாப்பூவை மட்டும் அழித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. பூ வியாபாரி போனில் ரோஜாப்பூ படம் 1,100. அதற்குள் ஒரு லோடு கொல்லம் போய்விட்டது. நாலாவது ஓடிபி வந்தது. அவர் உரிமையாளர், நான் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என்று மாற்றியதும், “அப்போ இனிமே நீ ஓடிப்போனாலும் கடை எங்கிட்டதான் இருக்கும்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவ்வளவு நாள் அந்தப் பயத்தோடுதான் எனக்கு மாதம் காசு கொடுத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்படியே ஒவ்வொரு கடையாகப் போய்ப் பத்து முடிந்தது. வடசேரிப் பட்டறைக்காரர் மட்டும் கேள்வி கேட்காமல் போனை நீட்டினார், கையில் தங்கப்பொடி. சிப்ஸ்காரர்கள் இரண்டு பேரிடமும் நான் மற்றவருக்கும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவர், “தெரியும்டே, ரெண்டு பேருக்கும் ஒரே வாழைக்கொலைப் படத்தத்தான போடுத” என்றார்.

ஃபைபருக்கும் ரௌட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். இனி கறண்டு போனால் பத்துக் கடைக்கும் ஒரே கணக்கில், ஒரே நெட்டில் இருப்பேன். ஃபயர்ஃபாக்ஸில் அக்கா சொன்ன நிறத் தாவலும் போட்டாயிற்று. முட்டி இப்போது நீலத்தில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி. அண்ணாச்சி எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. முதல் பதிவில் நான் அதை எழுதவில்லை. லாட்ஜ்காரர் ஓணத்துக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்: வேறுவேறு பெயரில் எட்டுக் கணக்கு போட்டு, ‘ஜன்னலைத் திறந்தால் சூரிய உதயம்’ என்று நல்ல ரிவ்யூ எழுத வேண்டும். அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ஹோட்டலின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், நானே நின்று பார்த்திருக்கிறேன். நாகர்கோவில் பையன் பிரவுசரைக் காட்டியபோது என் மனதில் முதலில் ஓடியதே அந்த எட்டுக் கணக்குத்தான். பூட்டிப்போன கதை நடந்தது உண்மை, ஆனால் 1500 ரூபாய் கணக்குப் போட்டது அவர் தருவதாகச் சொன்ன பணத்திலிருந்து.

போன சனிக்கிழமை நேரில் போய், முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆன்லைன் ரிவ்யூவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இலேயே ஐஎஸ் 19000 என்று ஒரு தரம் வெளியிட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். அதைச் சொன்னால் மதிப்பார் என்று நினைத்தேன். “அதுக்கும் ஐஎஸ்ஐ முத்திரையா?” என்று சிரித்தார். அறைக்குத் திரை மாற்றுங்கள், மாடிக்குப் போனால் கடல் தெரிகிறது, அங்கே நாலு நாற்காலி போடுங்கள், அதைப் படம் எடுத்துப் போடுகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து வேறொரு பையனைப் பிடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார், கூடவே எனக்குத் தர வேண்டிய பாக்கியில் 700 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். ஆக இப்போது பத்து.

தக்கலை கஃபே எழுதியது:

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், பதினோரு கடைக்கு மட்டும் என்றால் “எதை எடுக்கலாம்” என்று கேட்க மாட்டீர்கள், “எப்படித் திறப்பது” என்று கேட்டிருப்பீர்கள். பதின்மூன்று வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். ஆள் உட்காருகிற விதத்திலேயே எந்த சைட்டுக்குப் போகப் போகிறான் என்று தெரியும்.

அந்தப் புதுப் பையன் உங்களுக்குத் தெரிந்தவனா? தெரிந்தால் இந்தத் திரியை அனுப்பி வையுங்கள்.

மேம்பாலத்தடி எழுதியது:

நாகர்கோவில் பையன்தான் அண்ணாச்சி. அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் இல்லை.

தோவாளையிலிருந்து இன்று பஸ்ஸில் ஒரு பொதி வந்தது. உள்ளே வாழை இலையில் சுற்றி ஒரு பந்து பிச்சி. வீட்டில் யார் அனுப்பியது, எதற்கு அனுப்பியது என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.